ஒரே மனுவாகிப் போன ஊர்

கருத்துக் கேட்புக் கூட்டம். திரையில் மாவட்ட வரைபடம். மனு அதிகம் வந்த ஊருக்குப் பெரிய புள்ளி. பிரம்மதேசம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு மட்டும் கடுகளவு. அந்த ஊர் செல்வி அக்கா எழுந்துவிட்டார்.

"இன்னா சார் இது? ஊரே வரிசையில நின்னுக்கினு மனு குடுத்தோம். ஒண்ணுன்னு காட்டுது? மீதிய கடலைக்காரன்கிட்ட மல்லாட்டை மடிக்கக் குடுத்துட்டீங்களா?"

ஏசி ஓடியும் என் சட்டை நனைந்தது.

விழுப்புரத்தில் அப்போது புதிய பஸ் தடங்களுக்கான கொள்கை வரைவுக்கு மக்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் டேட்டா ஆள். செமான்டிக் வெப் என்று சென்னையில் ஐந்து நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு மனுவையும் 'யார், என்ன கேட்கிறார், எந்த ஊருக்கு' என்று பிரித்து ஒன்றோடொன்று இணைப்போம். 'டவுன் பஸ்', 'கவர்மெண்ட் வண்டி' என்று எப்படி எழுதினாலும் கம்ப்யூட்டருக்குப் புரியும். வரைவின் எந்தப் பிரிவைத் தட்டினாலும், அதைப் பற்றி மக்கள் சொன்னதெல்லாம் வந்து நிற்கும்.

புள்ளி சிறியதென்றால் புதிய தடப் பட்டியலில் இடமில்லை, பஸ்ஸும் இல்லை. செல்வி அக்காவின் வீட்டுக்காரருக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அங்கே போகப் பஸ் பிடிக்க, திண்டிவனம் போய்ச் சேரவே யார் பைக்கையாவது கெஞ்ச வேண்டும்.

அந்த நேரத்தில் நான் செய்த வீரச்செயல் ஒன்று உண்டு. "நெட்வொர்க் பிராப்ளம்" என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். எங்கள் அதிகாரி கதவைத் தட்டினார்.

"யோவ், சர்வர் உள்ளயா இருக்குது? ஜல்தியா வா. மூணு மணிக்குப் பட்டியல் போவணும்."

வெளியே வந்து லேப்டாப்பைத் திறந்தால், குற்றவாளி நானே. 'வாசகம் ஒன்றானால் மனுவும் ஒன்று' என்று ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். ஒரே ஆள் நூறு தடவை அனுப்பி ஏமாற்றக் கூடாதாம்! அந்த ஊர்க்காரர்களோ, எங்கள் ஆபீஸ் வாசலில் மேசை போட்டிருக்கும் மனு எழுதுபவரிடம்தான் மொத்தமாகப் போயிருக்கிறார்கள். அவர் எல்லோருக்கும் அதே வாசகத்தை எழுதி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். மனு என்றால் இங்கே அப்படித்தான். தினமும் அவரைத் தாண்டித்தான் நான் டீக்கே போவேன்.

"வாசகம் ஒண்ணுதானே சார்..." என்று இழுத்தேன்.

"உன் லீவ் லெட்டர் எல்லாத்துலயும் வயித்து வலிதான் இருக்குது. அப்ப சர்வீஸ்ல ஒரே ஒரு லீவுதான் போட்டியா?"

அறையே சிரித்தது. விதியை அழித்தேன், கையெழுத்துப் போட்ட ஆட்களை எண்ணும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். புள்ளி ஊதிப் பெருத்துப் பக்கத்து ஊரையே மூடியது. பட்டியல் மூன்று மணிக்குள் போனது.

"இப்பதான் எங்க ஊரு மாரி இருக்குது," என்று செல்வி அக்கா உட்கார்ந்தார்.

இப்போதும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அந்த ஊர்ப் பெயரோடு வண்டி நின்றால், அது கிளம்பும்வரை பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, விதி எழுதுமுன் ஒரு காலைப்பொழுது மனு எழுதுபவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பாத்ரூம் எங்கே என்றும் பார்த்து வையுங்கள்.