நர்ஸ் கேட்டதும் நான் மறைத்ததும்

ஐந்தாம் வகுப்பைக்கூட நான் முழுதாக முடிக்கவில்லை. ராஜபாளையத்தில் இரண்டு தறியை வாடகைக்குப் பிடித்து ஆஸ்பத்திரி பேண்டேஜ் துணி ஓட்ட ஆரம்பித்தவன், இன்று நாற்பது தறி வைத்திருக்கிறேன். சொந்தக் கட்டடம், சொந்த லாரி, வத்திராயிருப்பில் ஒரு தென்னந்தோப்பு. மூன்று தடவை என்னைத் திருப்பி அனுப்பிய பேங்க் மேனேஜர், நாலாவது தடவை அவரே தேடி வந்தார். எல்லாம் நானாக உண்டாக்கியது. இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால் விளங்காது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். தோப்பில் மோட்டார் ரூம் தகரத்தைத் தூக்கி மாட்டும்போது இடது உள்ளங்கை கிழிந்துவிட்டது. வேலைக்கு ஆள் உண்டு, ஆனால் நான் செய்கிற மாதிரி வராது. துண்டைச் சுற்றிக்கொண்டு காரில் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

முப்பது வயது மதிக்கத்தக்க நர்ஸ் ஒருவர் காயத்தைக் கழுவினார். "சுகர், பிரஷர், வேற எதுவும் உண்டாய்யா?" என்று கேட்டார்.

"என்னயப் பாத்தா நோயாளி மாதிரியா தெரியுது? இந்த வயசுக்கு ஒரு மாத்திரை தொட்டதில்லம்மா."

மாத்திரை தொடாதது உண்மை. ஆனால் அதற்கு முந்தின வருடம் என் மில்லில் ரத்ததான முகாம் வைத்து, முதல் ஆளாக நான்தான் படுத்தேன். பத்து நாள் கழித்து ரத்த வங்கி டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதாகச் சொன்னார். ஈரலைக் கெடுக்கிற மஞ்சள்காமாலைக் கிருமி. எனக்கு இப்போதைக்குத் தொந்தரவு இல்லையாம், அவ்வப்போது பரிசோதித்தால் போதுமாம். என் ரத்தம் யாருடைய புண்ணிலாவது பட்டால் மட்டும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், உடனே ஊசி போட்டால் அவர்களைக் காப்பாற்றலாம், நாள் போனால் பலன் குறையும் என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. பிள்ளைகளிடம்கூட இதைச் சொல்லவில்லை.

டாக்டர் வந்து ஏழு தையல் போட்டுவிட்டுப் போனார். நர்ஸ் துணியைச் சுற்றிக் கட்டும்போது, அது எங்கள் தறியில் ஓடியதாகத்தான் இருக்கும் என்றேன்.

"அப்ப உங்க துணிய உங்களுக்கே கட்டி, உங்ககிட்டயே காசு வாங்கப் போறோமா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கட்டி முடித்து, என்னைப் பார்த்தபடியே தட்டில் கிடந்த தையல் ஊசியை எடுத்து டப்பாவில் போடப் போனார். ஊசி கையுறையைத் தாண்டி விரலில் ஏறிவிட்டது.

கையுறையைக் கழற்றி, குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் விரலைக் கழுவினார். பிறகு திரும்பி நின்று கேட்டார். "ஐயா, மஞ்சக்காமாலை, வேற ஏதாச்சும் ரத்தத்துல இருக்குன்னு சொல்லியிருக்காவளா? ஒரு டெஸ்ட் எடுத்துக்கிடவா?"

"அதெல்லாம் கெடையாது. மில்லுல ஆளு காத்துக் கெடக்காவ" என்று எழுந்துவிட்டேன்.

ஊர் எல்லையில், மடவார் வளாகத்தில், நானும் டிரைவரும் டீக்கு நிறுத்தினோம். கையில் போட்ட கட்டையும் மீறி ரத்தம் கசிந்திருந்தது. டிரைவருக்குக் காலையில் டயர் மாற்றும்போது விரலில் தோல் உரிந்திருந்தது. அந்தக் கையை நீட்டி, "அவுந்துட்டு வருது மொதலாளி, இறுக்கிக் கட்டுதேன்" என்றார்.

"தொடாதலே" என்றேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. டிரைவரைக் காப்பாற்றத் தெரிந்திருக்கிறது, அந்த நர்ஸ் அம்மாவிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. டீயை வைத்துவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் துணி வாங்குகிற கடைக்காரர் ஒருவரும் இருந்தார். அவர் காதில் விழும்படியே நர்ஸிடம் சொன்னேன். அந்த அம்மா சத்தம் போடவில்லை.

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

"ஒரு வருசமா."

"நான் கேட்டேன்லய்யா" என்றார். அவ்வளவுதான்.

இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி மூன்று தவணை போட வேண்டும். அவர் இரண்டு போட்டிருந்தார். மூன்றாவது தவணை வந்தபோது பிரசவ விடுப்பில் இருந்ததால் விட்டுப்போயிற்று, யாரும் ஞாபகப்படுத்தவில்லை. கைக்குழந்தைக்காரி என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். விட்டுப்போன தடுப்பூசி அங்கே இருந்தது, அப்போதே போட்டார்கள். கூடப் போட வேண்டிய இன்னொரு மருந்து மதுரையில்தான் கிடைக்கும் என்றார் டாக்டர். என் கார் போனது. நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊசி போட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்ததில் அவருக்கு ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரிலிருந்து தரை துடைக்கிற அம்மா வரைக்கும் தடுப்பூசி போட்டார்கள். அதற்கு ஒரு கூட்டம் வைத்து என்னையும் அழைத்திருந்தார்கள். "ஒரு நோயாளி அன்றைக்கே வந்து சொன்னதால்தான்" என்று டாக்டர் பேசினார். என் மானத்துக்காகத்தான் பெயரைச் சொல்லாமல் விட்டார் என்று தெரியும். ஆனால் அப்படி விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. மறைத்துவிட்டுப் போனவனும் நான்தான், பாதி வழியில் திரும்பி வந்தவனும் நான்தான். இனி யார் அந்தக் கதையைச் சொன்னாலும், ராஜபாளையத்து பேண்டேஜ் துணிக்காரர் என்று, கிருமியோடு சேர்த்தே என்னைச் சொல்ல வேண்டும்.