சிலுவைக் காசு

கோட்டைக்குப்பம் சூசையம்மாளுக்குக் கண்ணைவிடக் கைக்குத்தான் பார்வை அதிகம். முப்பது வருஷமாகத் ஏரித் தண்ணீரில் குந்தி, பரி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறவள். விரலில் பட்டது இறாலா, நண்டா, கிளிஞ்சலா என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கைதான் ஒரு தங்கக் காசை எடுத்தது. கோணல்மாணலான காசு, ஒரு பக்கம் சிலுவை. வேறு யாராவது என்றால் அன்றைக்கே சேட்டுக் கடைக்கு ஓடியிருப்பார்கள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? சிலுவை போட்டிருக்கிறதே, மாதா கொடுத்தது, விற்றால் பாவம் என்று சொல்லி, ஓரத்தில் ஆணி அடித்து ஓட்டை போட்டாள். மகன் டேவிட்டின் அரைஞாணில் கோத்துக் கட்டிவிட்டாள்.

"கடலுக்குப் போற புள்ள. மாதா கூடவே இருக்கட்டும்."

மீசை வைத்த பிள்ளை, வெட்கப்பட்டுக்கொண்டே கட்டிக்கொண்டான்.

நாலு வருஷம் போயிற்று. ஒருநாள் காற்றில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். டேவிட் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. செத்தவனுக்குப் பூசை வைக்கச் சொன்னவர்களை, "ஒடம்பப் பாக்காம இன்னாத்துக்குப் பூசை?" என்று விரட்டியடித்தாள். ஆந்திரா பக்கம் எங்காவது கரையேறியிருப்பான், வருவான். பெற்றவள் மனசு வேறெப்படி நினைக்கும்? இன்றைக்கும் அவன் தட்டில் வேறு யாருக்கும் சோறு போடமாட்டாள்.

போன வாரம் தோணிரேவு சுப்பனுக்கு முகத்துவாரத்துச் சேற்றில் நண்டு தேடும்போது ஒரு தங்கக் காசு கிடைத்ததாம். திருப்பாலைவனம் விஜயராகவனிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். பழைய காசென்றால் சோறு தண்ணி மறக்கிற ஆள் அவர்.

"சிலுவை போட்ட காசாம் யக்கா" என்று பக்கத்து வீட்டுக் கீதா வந்து சொன்னபோது சூசையம்மாள் அப்போதுதான் ஏரியிலிருந்து கரையேறியிருந்தாள். அதில் ஆணி ஓட்டை இருந்தால்? அதோடு டேவிட் இல்லை என்றாகிவிடும். ஈரப் புடவையோடு பஸ் ஏறினாள்.

விஜயராகவன் பூதக்கண்ணாடியும் தராசுமாக உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் பல். "ஸ்பெயின் தேசத்துக் காசும்மா! சுத்தியால அடிச்சுச் செஞ்சது, அதான் கோணலா இருக்குது. இந்தப் பக்கம் சிலுவை, பின்னாடி ராஜாவோட கேடயம். எந்தக் கப்பல்ல வந்துச்சோ..."

"கையில குடு சார்."

கண்ணை மூடிக்கொண்டாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள். ஒரு சுற்று. மறுபடியும் ஒரு சுற்று.

"ஓட்டை இல்ல சார்."

"அதாம்மா விசேஷம்! ஓட்டை இருந்தா பாதி மதிப்பு போயிருக்கும்."

"ஆமா சார், ஓட்டையே இல்ல" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகை பீறிட்டது. அவர் ஒன்றும் புரியாமல் தண்ணீர்ச் சொம்பை எடுத்து நீட்டினார்.

மறுநாள் காலையில் பரியைக் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினாள். சேற்றுக்குள் தட்டையாக ஏதோ விரலில் பட்டது. மாதாவே, அந்த ஓட்டைக் காசாக மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். ஆறு வருஷமாக அப்படி வேண்டிக்கொண்டுதான் எதையும் எடுக்கிறாள்.

கிளிஞ்சல்தான்.