எட்டு சதவீதம் ஏறும் தெரு

வல்லம் வடகாலில், வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் அளவறையில் எனக்கு வேலை. உற்பத்தி லைனில் ஆளுக்கொரு கேஜ், அதாவது அளவுக்கருவி, வைத்திருப்பார்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று மாஸ்டரோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். மாஸ்டர் என்பது ஆளல்ல. உண்மையான அளவு இதுதான் என்று சான்றிதழோடு வந்த எஃகுத் துண்டு. கருவி காட்டியதிலிருந்து மாஸ்டரின் அளவைக் கழித்து, மாஸ்டரால் வகுத்து, நூறால் பெருக்கினால் பிழை எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். இதையே நாளெல்லாம் செய்தால் வேறு எதைப் பார்த்தாலும் கை கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

படப்பையில் நாங்கள் சாப்பிடும் மெஸ்ஸில் சாப்பாடு ஐம்பதிலிருந்து அறுபது ஆனபோது, "வெறும் பத்து ரூபாதான ஏத்திருக்கேன்" என்றார் கடைக்காரர். "இருபது பர்சன்ட்ணே, என் சம்பளம் அஞ்சு பர்சன்ட்தான் ஏறிச்சு" என்றேன். "அப்ப பன்னெண்டு வாயில ரெண்டு வாய் கம்மியா துன்னு" என்றார். எண்ணூறு ரூபாய்ச் சட்டையை ஆயிரமாக ஏற்றி இருபது சதவீதத் தள்ளுபடி என்று எழுதிய கடையில் நின்று விளக்கம் சொல்லி வெளியே அனுப்பப்பட்டிருக்கிறேன். ஏறியதைப் பழைய விலையால் வகு, அவ்வளவுதான். எனக்கு அது ஒரு டார்ச் லைட் மாதிரி. எங்கே அடித்தாலும் ஏதோ ஒன்று தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஹாஸ்டலில் என் அறையில் தங்கியிருந்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். அதே கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை. நான்கு வருடமாக மனைவியும் மகளும் ஊரில், இவர் இங்கே. ஜூனில் மகள் ஒன்றாம் வகுப்பு. அதற்குள் இரண்டு பேரையும் இங்கே கூட்டிவந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சொன்னது மகளிடம் என்பதால் மாற்றவும் முடியாது. அதற்காகத்தான் சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு வீடு பார்த்து, டோக்கனாகப் பத்தாயிரம் கொடுத்திருந்தார். ஐந்து லட்சம் அட்வான்ஸ் புதன்கிழமைக்குள் தர வேண்டும். மனைவியின் நகை மொத்தமும் அடகுக்குப் போனால்தான் அது வரும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னையும் அழைத்துப் போனார். ஒரு மண் பாதை முடியும் இடத்தில் சட்டென்று தார் ரோடு ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் வரிசைக்குப் பதினைந்து வீடுகள். எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே கம்பிக்கதவு. வாசலுக்கு வாசல் கொடியில் துணி காய்ந்தது. நான்காம் வீட்டில் ஒரு சிவப்பு நைட்டி, அடுத்ததில் இரண்டு துண்டு, இன்னொன்றில் ஒரு குழந்தைச் சட்டை. செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. குக்கர் சத்தம் இல்லை, டிவி சத்தம் இல்லை, தாளிக்கிற வாசனை இல்லை.

"யாரையும் காணமே" என்றார் அண்ணன்.

"ஷிப்ட் தலைவா!" என்றார் புரோக்கர். இளைஞர், வெள்ளைச் சட்டை, ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. "நைட்டு முட்சவன்லாம் தூங்கிகினு கீறான். சத்தமா பேசுனா திட்டுவானுங்க." தானே குரலைத் தாழ்த்திக்கொண்டார். நாங்களும் தாழ்த்திக்கொண்டோம். அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் லைன் ஓடும் ஊர் இது. பகலில் ஒரு தெருவே உறங்குவது இங்கே புதுசு இல்லை. எங்கள் ஹாஸ்டலிலும் மதியம் இரண்டு மணிக்கு நடைபாதையில் நுனிக்காலில்தான் நடப்போம்.

பன்னிரண்டாம் நம்பர் வீட்டைத் திறந்து காட்டினார். உள்ளே சுண்ணாம்பு வாசனை. மூன்று பேரும் பேசாமல் நின்றபோது எங்கள் மூச்சுச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது.

"ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி எட்டு பர்சன்ட். கரெக்டா ஏறிகினே கீது. நம்பலன்னா இந்தா, இதுவரைக்கும் வித்த ரேட்டு" என்று ஒரு தாளை நீட்டினார். இதே தெருவில் இதே மாதிரி நான்கு வீடுகள் விற்ற விலைகள், ஆறு மாத இடைவெளியில்:

18,00,000
19,44,000
20,99,520
22,67,482

கடைசியாக விற்ற அந்த விலைக்கே அண்ணனுக்கும் தருவதாகப் பேச்சு.

அன்று சாயங்காலம் அறையில் அண்ணன் அந்தத் தாளை என் மடியில் வைத்தார். "தம்பி, ஊருக்கெல்லாம் கணக்குப் பாக்கியே, இதப் பாத்துச் சொல்லு."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. முதல் ஏற்றம், ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம், பதினெட்டு லட்சத்தால் வகுத்தால் எட்டு. இரண்டாவதும் எட்டு. மூன்றாவதும் எட்டு, நான்கு தசமம் வரைக்கும் போனேன், அசையவில்லை. புரோக்கர் சொன்னது எட்டு, நான் கண்டது எட்டு. பிழை பூஜ்யம். என் வேலையில் இப்படி ஒரு முடிவு வருவது அபூர்வம். எந்தக் கருவியும் கொஞ்சமாவது தள்ளித்தான் காட்டும்.

"எரர் ஜீரோண்ணே! அந்தாளு ஒரு பர்சன்ட்கூடப் பொய் சொல்லல."

அண்ணன் என் தலையைத் தட்டிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் மனைவிக்குப் போன் செய்தார். "தம்பி பாத்துட்டான். நாளைக்கே நகைய வச்சிரு" என்று அவர் சொன்னது கீழே எனக்குக் கேட்டது. பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை ஷிப்டில் அளவறையில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் இதைப் பீற்றிக்கொண்டேன். அவளுக்கு வீடு படப்பையிலேயே, என் வயதுதான். தாளின் போட்டோவை என் போனில் வாங்கிப் பார்த்தவள் முதலில் சிரித்தாள்.

"இன்னாபா இது, நானூத்தி எம்பத்திரண்டு ரூபா? வூடு வாங்க சொல்ல எவனாச்சும் ரெண்டு ரூபா சில்ற தருவானா? எங்க அப்பா கறிக்கடையிலயே ரவுண்டா குடுப்பாரு."

"ஒயிட்ல, கணக்குல காட்டிப் பதிவு பண்ணதாம். அதான் ரூபாய் சுத்தமா..."

"அத வுடு. மாஸ்டர் எங்க வாங்குன?"

"என்ன மாஸ்டர்?"

"ரேட்டு எட்டு பர்சன்ட் ஏறுதுன்னு சொன்னது யாரு? அந்தாளு. நீ எத்த வச்சு செக் பண்ண? அந்தாளு குடுத்த பேப்பரு. ஒரு கேஜ அதே கேஜ வச்சு செக் பண்ணா எரர் ஜீரோதான்பா வரும். டிப்ளமா படிச்சிட்டு இத்த என்கிட்ட சொல்லிகினு கீற?"

அறை எப்போதும் இருபது டிகிரியில்தான் இருக்கும். அன்றைக்குத்தான் அந்தக் குளிர் எனக்கு உறைத்தது. நான்கு எண்களும் மறுபடி கண்முன் வந்தன. நான்கு வெவ்வேறு ஆள்கள், நான்கு பேரம், ஒருவருக்கு அவசரம், ஒருவருக்குப் பிடிவாதம், யாரோ ஒருவர் பத்தாயிரம் குறைத்திருப்பார். மனிதர்கள் கை வைத்த எண் கொஞ்சமாவது சிதறும். இந்த எண்களில் யாருமே இல்லை. கால்குலேட்டரில் பதினெட்டு லட்சத்தை ஒன்று புள்ளி பூஜ்யம் எட்டால் பெருக்கி, சமம் பட்டனை மூன்று தடவை தட்டினால் வருபவை.

ஷிப்ட் முடிந்து வந்த அண்ணனிடம் கேட்டில் வைத்தே சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "நேத்து ஜீரோன்ன, இன்னைக்கு இப்படிங்க. என்னடே இது? அவ இந்நேரம் டவுனுக்குக் கிளம்பியிருப்பா."

"ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துருவோம்ணே. புரோக்கர் இல்லாம."

நான்கு மணிக்குத் தெருவில் இருந்தோம். நைட் ஷிப்ட் ஆள்கள் எழுந்து, டீ குடித்து, குளித்து, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம். தெரு அப்படியே இருந்தது. நேற்று நான்காம் வீட்டில் காய்ந்த சிவப்பு நைட்டி இன்று ஏழாம் வீட்டில் இருந்தது. ஒரு செருப்பைக் காலால் திருப்பினேன். அடியில் தேய்மானமே இல்லை.

வாசலுக்கு வாசல் கரண்ட் மீட்டர் இருந்தது. எண் ஒளிரும் எதையும் படிக்காமல் என்னால் கடக்க முடியாது. முதல் வீடு, முப்பத்தொரு யூனிட். இரண்டாவது, முப்பத்தொன்று. மூன்றாவது, முப்பத்தொன்று. நான் சத்தமாகப் படிக்கப் படிக்க அண்ணன் என் பின்னால் வந்தார். பத்தாவது வீட்டில், "போதும் தம்பி, நிறுத்து" என்றார். என்னால் நிறுத்த முடியவில்லை. பதினொன்று, முப்பத்தொன்று. அண்ணனின் பன்னிரண்டு, முப்பத்தொன்று. பதிமூன்றில் தொள்ளாயிரத்துச் சொச்சம்.

அந்தக் கதவு திறந்தது.

முப்பது வயதுப் பெண், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நெடுநாள் எதிர்பார்த்த சொந்தக்காரர்களைப் பார்க்கிற சிரிப்பு. "பன்னெண்டாம் நம்பரு நீங்கதான? புரோக்கரு சொன்னாரு. பொண்ணு இருக்குதாமே, ஒண்ணாங்கிளாஸா? கூட்டினு வர்லியா?"

"இங்க மத்த வீட்டுல எல்லாம்..." என்று நான் இழுத்தேன்.

"இனிமேதான் வருவாங்க" என்றாள், சாதாரணமாக. "அதுவரிக்கும் நான்தான் பாத்துக்கறேன். சாய்ந்தரம் எல்லா வூட்டுக்கும் டியூப்லைட் போடுவேன், நாலு மணிநேரம் கழிச்சு ஆஃப் பண்ணுவேன். துணிய மாத்தி மாத்திப் போடணும், செருப்ப நகத்தி வெக்கணும். உங்க வூட்டுக்கும் அஞ்சு மாசமா நான்தான் வெளக்கு போட்டுகினு கீறேன். கொடியில தொங்குற பச்சை நைட்டி என்னுது, நீங்க வந்தா எடுத்துக்கறேன்."

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் அண்ணன்.

"நாங்க வாங்கனதுலேந்து ஒருத்தரும் வர்லண்ணா. வித்துட்டுப் போலாம்னு பாத்தா, தெரு நெறஞ்சாதான் வெல போவும்ன்றாங்க, வூடு கட்டி விக்கறவங்க. இத்தச் செஞ்சா லோன் தவணைய அவங்களே கட்டிடறாங்க. வூட்டுக்காரரு ஒரகடத்துல செக்யூரிட்டி வேல, ராத்திரி வரமாட்டாரு. முப்பது வூட்டுல வெளக்கு எரியும், நான் மட்டும் நிப்பேன்." சிரித்தாள். "செல நேரம் எதுத்த வூட்டுல யாரோ நடக்கற மாரி கீது. போய்ப் பாத்தா நான் போட்ட துணிதான்."

நான் தாளை எடுத்து நீட்டினேன். "இதுல உங்க வீடு எதுக்கா?"

விரலை வைத்துத் தேடினாள். "இல்லியே. ஆறு மாசம் முன்ன நாங்க பேசிப் பேசிப் பதினஞ்சரை லட்சத்துக்கு எடுத்தோம்."

அவள் வாங்கிய அதே நேரத்துக்குத் தாள் சொன்னது 20,99,520. தெருவில் உண்மையாக நடந்த ஒரே விற்பனை அவளுடையது. அதுதான் தாளில் இல்லை. மனதுக்குள் வகுத்தேன். முப்பத்தைந்தரை சதவீதப் பிழை. ஆறு மாதத்துக்கு முன்னால் பதினைந்தரை லட்சத்துக்குப் போன வீட்டை, வாங்க ஆளே இல்லாத தெருவில், இருபத்திரண்டரை லட்சத்துக்குத் தருகிறார்கள். அதையும் ஜீரோ என்று முத்திரை குத்திக் கொடுத்தது நான்.

அண்ணன் போனை எடுத்துவிட்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டது பதற்றத்திலா, தெரியவில்லை. மூன்றாவது ரிங்கில் அவர் மனைவி எடுத்தார்.

"எங்கருக்க?"

"அடகுக் கடையிலதான். எட போட்டாச்சு. கையெழுத்து மட்டும் போடணும்."

"போடாத. நகைய வாங்கிட்டு வீட்டுக்குப் போ."

"தம்பி பாத்துட்டான்னீங்களே?"

"தப்பாப் பாத்துட்டான்" என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல். நான் தாளை நான்காக மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"அப்ப பிள்ளகிட்ட என்ன சொல்ல?"

அண்ணன் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தார். "ஜூன்ல வாங்க. வாடகைக்கு ஒத்த ரூம் போதும். படப்பைலயே பாக்கேன், ஆளுக இருக்க தெருவா."

பதிமூன்றாம் வீட்டுப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். போன் அணைந்ததும் அண்ணன் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"பொண்ணு ஜூன்லதான வருது? அதுக்குள்ள நான் வூட்ட நல்லா கழுவி வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் வீட்டுக் கம்பிக்கதவைத் திறக்கப் போனாள்.