சுவரில் மாட்டிய சான்றிதழ்

பயிற்சி முடிவதற்கு முன்பே சான்றிதழ் வந்துவிடும் காலம் இது. நான் மிகைப்படுத்தவில்லை. எங்கள் வட்டாரத்துக் கல்லூரி நூலகர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலை பத்து மணிக்கு இணையவழிப் பயிலரங்கு என்றால், பத்தேகாலுக்கு யாராவது ஒரு புண்ணியவான் கருத்துப் படிவத்தின் இணைப்பைக் குழுவில் போட்டுவிடுவார். அதைத் திறந்து பெயர், பதவி, கல்லூரி எல்லாம் நிரப்பி, ‘பயிற்சி எப்படி இருந்தது?’ என்ற கேள்விக்கு ‘வெரி யூஸ்ஃபுல்’ என்று தட்டி அனுப்ப வேண்டும். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து உட்கார்ந்திருக்கும். பேசுகிறவர் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருப்பார்.

இதற்காக நான் வெட்கப்பட்டதே இல்லை. எதற்கு வெட்கப்பட வேண்டும்? தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் கல்லூரியின் நூலகத்துக்கு நான் ஒருத்திதான். பூட்டைத் திறப்பதும் நான், புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் நான், காற்றாடி சுற்றவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைத் தேடிக்கொண்டு ஓடுவதும் நான். வெளியே எங்காவது பயிற்சிக்குப் போகிறேன் என்று கடிதம் நீட்டினால், “நீங்க போயிட்டா லைப்ரரிய யார் மேடம் பாத்துப்பாங்க?” என்பார் பிரின்சிபால். அதே பிரின்சிபால், ஆய்வுக் குழு வருகிறது என்றால் போதும், “இந்த வருஷம் என்னென்ன ட்ரெயினிங் முடிச்சீங்க, லிஸ்ட் குடுங்க” என்று வந்து நிற்பார். போகவும் கூடாது, போகாமலும் இருக்கக் கூடாது.

ஆகவே கவுண்டர் ஓரத்தில் கைபேசியைச் சாய்த்து வைப்பேன். நூலகமாயிற்றே, சத்தத்தை அணைத்துவிடுவேன். திரையில் யாரோ ஒருவர் உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். நான் பாட்டுக்குப் புத்தகங்களில் தேதி முத்திரை குத்திக்கொண்டிருப்பேன். இப்படித்தான் நான் வருடக்கணக்காகத் தொழிலில் முன்னேறினேன்.

அப்படி வாங்கியவற்றில் ஒன்று, பார்வையற்ற மாணவர்களுக்கான நூலகச் சேவை பற்றியது. அன்றைக்கென்று பார்த்து இறுதியாண்டு மாணவர்கள் எல்லோரும் புத்தகப் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க வந்துவிட்டார்கள். வரிசை கதவைத் தாண்டி நின்றது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார், கணினியில் எதையோ சுட்டிக் காட்டினார். இரண்டு மணி நேரத்தில் நான் பார்த்தது அவ்வளவுதான். ‘மிகவும் பயன்பட்ட பகுதி எது?’ என்று படிவம் கேட்டது. ‘எல்லாம்’ என்று எழுதினேன்.

சான்றிதழைப் பார்த்ததும் பிரின்சிபாலுக்கு வாயெல்லாம் பல். “இது முக்கியமான ஏரியா மேடம். கமிட்டி உள்ள வந்ததும் கண்ணுல படணும்” என்று கண்ணாடிச் சட்டம் போட்டு, நுழைவாயிலை ஒட்டிய சுவரில் மாட்டச் சொன்னார். ஆணி அடித்ததும் நான்தான்.

எங்கள் கல்லூரியில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருந்தாள், வரலாறு இரண்டாமாண்டு. பிறவியிலேயே பார்வை கிடையாது. சேலையூரிலிருந்து பஸ்ஸில் அம்மாவோடு வருவாள். அம்மா வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, கேம்ப் ரோட்டில் தான் வேலை பார்க்கிற தையல் கடைக்குத் திரும்பிவிடுவார். அவள் கைபேசியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள். எதிரே எழுத்து இருக்கும் என்று தோன்றினால் அதைத் தூக்கிப் பிடிப்பாள். அதிலிருக்கும் செயலி படித்துக் காட்டும். கேண்டீன் விலைப்பட்டியல், அறிவிப்புப் பலகை, ‘இங்கே எச்சில் துப்பாதீர்’ எல்லாவற்றையும் அப்படிப் படித்து வைத்திருந்தாள். எங்கள் கல்லூரியில் அறிவிப்புப் பலகையைப் படித்த ஒரே மாணவி அவளாகத்தான் இருக்கும்.

ஒருநாள் நூலகத்துக்குள் வந்தவள் சுவர்ப் பக்கம் கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். அமைதியான கூடத்தில் இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் உரக்க ஆரம்பித்தது. இன்னார் இன்ன பயிற்சியை வெற்றிகரமாக முடித்தாரெனச் சான்றளிக்கப்படுகிறது. என் பெயரை அது கடித்துத் துப்பினாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. படித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் தலை நிமிர்ந்தார்கள்.

“மேம், இது நீங்கதானே?”

“ஆமாம்மா.”

“ரெண்டு வருஷமா வரேன், ஒரு வார்த்தை சொல்லலையே மேம் நீங்க! நான் வெளிய யார் யார்கிட்டயோ கெஞ்சிட்டிருக்கேன்.”

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு புத்தகம். தென்னிந்திய வரலாறு பற்றிய பழைய தமிழ்ப் புத்தகம். இப்போது அச்சில் இல்லை, எங்களிடம் இருப்பதும் ஒரே பிரதி. அதுவரை அவளுக்குப் படித்துக் காட்டிய தோழி படிப்பை விட்டுவிட்டு நாவலூரில் வேலைக்குப் போய்விட்டாள். கைபேசி ஆங்கிலத்தைக் கடகடவென்று படிக்கிறது. இந்தப் பழுப்பேறிய பக்கங்களிலோ திணறுகிறது. “ராஜா பேரைச் சொல்லிட்டு உடனே ஏழு, ஏழு, ஸ்டார், கமான்னு சொல்லுது மேம். எந்த ராஜா செத்தான், எவன் பட்டத்துக்கு வந்தான்னே தெரியல” என்று சிரித்தாள். அந்தப் பாடத்தில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு அரியர் இருந்தது.

அவள் அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் வாசலோடு திரும்பாமல் உள்ளே வந்து கவுண்டர் முன்னால் நின்றார். “மேடம், இவ அப்பா இந்த வாட்டியும் போச்சுன்னா நிறுத்திடுன்னு சொல்லிக்கினு கீறாரு. நீங்க இதுக்குன்னே படிச்சிக்கிறீங்களாமே. எப்டியாவது பண்ணிக் குடுத்துடுங்க மேடம்.”

எனக்குத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. ஆனால் அவர் கண் என் முகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. “செஞ்சுடலாம்மா” என்றேன்.

அலுவலகத்து ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்யும் வசதி இருந்தது. கையில் காலில் விழுந்து, நான்கு நாள் மத்தியான இடைவேளைகளில் முந்நூறு பக்கத்தையும் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தேன். முதுகு விட்டுப்போனது. ஒரே கோப்பாக்கி அவளுக்கு அனுப்பியபோது நான் பட்ட பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் கவுண்டரில் கைபேசியை வைத்து ஓடவிட்டாள். “பக்கம் ஒன்று. படம். பக்கம் இரண்டு. படம். பக்கம் மூன்று. படம்.”

“எல்லாமே படம்னுதான் மேம் சொல்லுது” என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

நான் முந்நூறு புகைப்படங்கள் எடுத்து, கண் தெரியாத ஒரு பெண்ணுக்கு அனுப்பியிருக்கிறேன். படத்தை எழுத்தாக மாற்ற இன்னொரு வேலை இருக்கிறது, அதற்குப் பிறகு தவறுகளைத் திருத்த வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கண்ணாடிக்காரர் சுட்டிக் காட்டியதும் அதைத்தானோ என்னவோ. அவருடைய உரையின் பதிவைத் தேடினேன், இணைப்பு செத்துப்போயிருந்தது. நூலகக் கணினியில் அதற்கான மென்பொருளை ஏற்றிப் பார்த்தேன், கணினி பாதியில் நின்று என்னையே வெறித்தது. நானே படித்து ஒலிப்பதிவு செய்து இரண்டு பாடம் கொடுத்தேன். மூன்றாவது பாடத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. “உங்க வாய்ஸ் நல்லாயிருக்கு மேம். ஆனா ஒரு வரி பின்னாடி போய்க் கேக்கணும்னா எங்க இருக்குன்னு தேட முடியல” என்றாள், என் மனம் நோகாமல்.

அந்த நேரத்தில்தான் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. கிண்டிப் பக்கம் மூன்று நாள் நேரடிப் பயிற்சி. பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பார்வையற்றவர்கள் கேட்டுப் படிக்கும்படி மாற்றுவது எப்படி என்று கணினி முன்னால் உட்காரவைத்துச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவாருங்கள், மாற்றி முடித்துக் கையோடு கொண்டுபோகலாம் என்று போட்டிருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு பயிற்சிக்கு நான் உண்மையாகவே போக விரும்பினேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவளிடம் சொல்லிவிட்டேன். “புதன்லேருந்து வெள்ளி வரைக்கும். திங்கக்கிழமை உன் புக் ரெடி.” அவள் என் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினாள். அவளுக்கும் அந்த வாரம் ஸ்டடி லீவ்.

பிரின்சிபால் கடிதத்தைப் படித்தார். பிறகு அலமாரியிலிருந்து என் கோப்பை எடுத்துப் புரட்டினார்.

“இதே ட்ரெயினிங் நீங்க ஏற்கெனவே முடிச்சுட்டீங்களே மேடம்.”

“அது ஆன்லைன் சார்.”

“ஆன்லைனா இருந்தா என்ன? சர்டிஃபிகேட் இருக்கே. சுவர்ல மாட்டியிருக்கோமே.” அவர் குரலில் துளிகூடக் கடுப்பு இல்லை. “வெள்ளிக்கிழமை கமிட்டி வேற வருது. நீங்களே சொல்லுங்க, நம்ம ஸ்டாஃப்ல உங்க அளவுக்கு ட்ரெயினிங் எடுத்தவங்க யார் இருக்காங்க? நீங்க இல்லாம எப்படி?”

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சார், அன்னைக்கு நான் ஒரு வார்த்தைகூடக் கேக்கல. அதைச் சொன்னால் அந்தச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். அதோடு நிற்குமா? கோப்பில் இருக்கிற மற்றதெல்லாம் என்ன என்று கேட்பார். கேட்காமல் இருந்தாலும் இருப்பார், ஏனென்றால் அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் தெரியாததுபோல் நாங்கள் இருவரும் அத்தனை வருடம் அந்தக் கோப்பைத் தடிமனாக்கி வைத்திருந்தோம். வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. “சரி சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

புதன்கிழமை காலை வழக்கம்போல் நூலகத்தைத் திறந்தேன். பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு போகப் பழைய செய்தித்தாளில் சுற்றிவைத்திருந்த புத்தகம் மேஜை இழுப்பறையில் அப்படியே கிடந்தது. தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பலாமா என்று பார்த்தேன். குழுவில் கேட்டால் ஏன் நீங்கள் போகவில்லை என்பார்கள். கேட்கவில்லை. மத்தியானம் குழுவில் படங்கள் வர ஆரம்பித்தன. யார் யாரோ கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கொரு பழைய புத்தகத்தோடு. எல்லாப் படத்துக்கும் கட்டைவிரல் போட்டேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. பிரின்சிபால் மேல், கமிட்டி மேல், கடைசியில் யார்மேல் என்று தெரியாமல், புத்தகத்தைத் தாமதமாகக் கொண்டுவந்த ஒரு பையன்மேல் எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை கமிட்டி வந்தது. அவர்களில் ஒருவர் சான்றிதழின் முன்னால் நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “வெரி குட்” என்றார். அதன் அடியில் என்னை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்கு போன் செய்ய வேண்டும் என்று கைபேசியை எடுத்து எடுத்து வைத்தேன். நேரில் பார்த்துச் சொல்வதுதான் முறை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முறைக்காக இல்லை, கோழைத்தனம். எனக்கு அப்போதே தெரியும்.

திங்கட்கிழமை நான் பூட்டைத் திறக்கும்போதே அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டடி லீவிலும் அம்மாவை நச்சரித்துக் கிளம்பி வந்திருக்கிறாள். தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. என் செருப்புச் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டு எழுந்துகொண்டாள்.

“மேம், ட்ரெயினிங் எப்படி இருந்துச்சு?”

அத்தனை வருடம் எத்தனையோ படிவங்கள் என்னிடம் கேட்ட அதே கேள்வி. யோசிக்க ஒரு விநாடிகூட ஆகவில்லை. பழக்கதோஷத்தில் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

“ரொம்ப யூஸ்ஃபுல்லா இருந்துச்சும்மா.”

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க வழியில்லை, நேர் எதிரே நின்றாள். என் பின்னாலேயே கவுண்டர்வரை வந்து, கழுத்துக் கயிற்றிலிருந்து கைபேசியைக் கழற்றி, சத்தத்தை ஏற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ அனுப்புங்க மேம். இங்கயே கேட்டுப் பாத்துடலாம்.”

நான் என் கைபேசியைத் திறந்தேன். அதில் இருந்தது அந்த முந்நூறு படங்கள்தான். இழுப்பறையில் புத்தகம் செய்தித்தாள் சுற்றியபடியே இருந்தது. அந்தப் படங்களையே விரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

“நெட் ஸ்லோவா இருக்கா மேம்? அவசரமில்ல, மெதுவா அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு, கையால் துழாவி நாற்காலியை இழுத்துப் போட்டு, சான்றிதழுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.