ஓட்டுநர் சீட்டில் மூன்று சிப்பம்

கார் கதவைத் திறந்தால் பெட்ரோல் நெடியோடு புழுங்கலரிசி வாசனையும் சேர்ந்து வரும். அது எப்படியிருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது; பெருங்களத்தூரில் எங்கள் வீட்டு ஷெட்டில், எனக்கு ஒன்பது வயதான கோடை விடுமுறையில், அதுதான் வாசனை.

வால்பாறை எஸ்டேட்காரர் ஒருவரிடம் அப்பா ஆசைப்பட்டு வாங்கிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே பேர் உட்காரலாம். மூக்கு நீளம், அந்த மூக்கும் தரையை மோந்துகொண்டு போகிற மாதிரி தாழ்ந்திருந்ததால் ரயில்வே கேட் மேட்டில் ஏறும்போதெல்லாம் அடி தட்டும். அம்மா அதற்குத் "தவழ்ற வண்டி" என்று பேர் வைத்திருந்தாள். முன்பக்கத்தை உயர்த்தித் தர இரும்புலியூர் மெக்கானிக் கரீம் பாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். அந்தக் காரில் முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது; பக்கத்துக்கு ஒன்றாக நீளமான எஃகுக் கம்பி முறுக்கிக்கொண்டு நின்று பாரத்தைத் தாங்கும். கம்பியின் முனையிலுள்ள போல்ட்டை முறுக்கினால் வண்டி ஏறும், தளர்த்தினால் இறங்கும். பாய் முறுக்கினார், வண்டியை முன்னும் பின்னும் உருட்டினார், பானெட்டை நாலு அமுக்கு அமுக்கினார், தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை ஸ்கேல் வைத்து அளந்தார்.

"வெறும் வண்டி பொய் சொல்லும் சார். ஆள் வெயிட்டு வெச்சு, பதினஞ்சு நாள் அப்டியே வுட்டு, தெனம் அளந்து எழுதி வெய்யுங்க. கொஞ்சம் எறங்கும். அப்பாலிக்கா நான் வந்து டைட் பண்றேன்."

அப்பாவின் எடை எழுபத்தைந்து கிலோ. காருக்குள் உட்கார்ந்துகொண்டே வெளியில் அளக்க அவரால் முடியாதே. அதனால் உள்ளறையிலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள், நாங்கள் "சிப்பம்" என்போம், மூன்று கிளம்பி வந்து ஓட்டுநர் சீட்டில் அவருக்குப் பதிலாக அமர்ந்தன. "காருக்குச் சோறு போடற வீட்டை இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள் அம்மா.

முதல் வாரம் முடிவதற்குள் அப்பாவின் முகம் மாறிவிட்டது. இறங்கும் என்று பாய் சொன்ன வண்டி, ஓட்டுநர் பக்கம் மட்டும் ஒவ்வொரு மில்லிமீட்டராக ஏறிக்கொண்டிருந்தது. முடிச்சூர் டாக்டர் ஒருவரிடமும் இதே கார் இருந்தது, அது அப்போது பாயின் பட்டறையில் ரிப்பேருக்கு நின்றது; அதன் கம்பி பழுதென்று பாயே சொல்லியிருந்தார். அப்பா இரண்டையும் முடிச்சுப் போட்டார்: அந்த ஞாயிறு சாவியைப் பாய் கையில் கொடுத்துவிட்டுத் தான் உள்ளே சாப்பிடப் போன நேரத்தில் எங்கள் நல்ல கம்பி டாக்டர் வண்டிக்குப் போய்விட்டது, பழுதானது இங்கே வந்துவிட்டது, அது இறங்கிக் காட்டிக்கொடுக்காமலிருக்க, தான் ஆபீஸ் போன நேரம் பார்த்து பாய் வந்து போல்ட்டை முறுக்கிவிட்டுப் போகிறார்.

"ஷெட் பக்கம் யார் வந்தாலும் எழுதி வை" என்று என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். எழுதினேன். பால்காரர். தபால்காரர். எதிர்வீட்டுப் பூனை. ஒருநாள் கரீம் பாய் மொபெட்டில் தெருவைக் கடந்தார், நிற்கவில்லை.

"நிக்கலைன்னா என்ன, நோட்டம் பார்த்துட்டுப் போயிருப்பார்" என்றார் அப்பா. அன்று சாயங்காலம் டீக்கடையில் நாலு பேர் காதுபட, கம்பி மாறிய கதையை முழுசாகச் சொல்லிவிட்டு வந்தார்.

பதினைந்தாம் நாள் பாய் வந்தபோது அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இறங்க வேண்டிய வண்டி எப்படி பாய் ஏறுது?"

"அத்த அப்புறம் பாக்கலாம். டாக்டர் நேத்து வந்து வண்டிய எட்த்துகினு பூட்டாரு சார். நான் கம்பிய மாத்திட்டேன்னு சொன்னீங்களாமே? அவரு பேச்சக் கேட்டு வரவங்கதான் எனக்கு பாதி கஸ்டமரு."

"சொன்னேன்" என்றார் அப்பா.

பாய் குரலை உயர்த்தவில்லை. கதவைத் திறந்து மேல் மூட்டையைத் தூக்கினார். அது ஒரு கையிலேயே வந்தது. "இன்னா சார் இது, சிப்பம் தலகாணி கணக்கா கீது?"

அப்பா சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"பதினஞ்சு நாளா என்ன சாப்பிட்டீங்க, காத்தையா?" என்றாள் அம்மா. "வீட்டு அரிசி மொத்தமும் அங்கதான இருக்கு. தினம் இவதான் போய் எடுத்துட்டு வர்றா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாத்திரத்தோடு தினமும் ஷெட்டுக்குப் போன ஒரே ஆள் நான். நோட்டில் என்னை எழுத எனக்குத் தோன்றவேயில்லை. "சிஐடியே கள்ளனா பாப்பா?" என்று பாய் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மூட்டைகளை இறக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். பாய் அளந்தார். அவர் சொன்னபடி வண்டி இறங்கித்தான் இருந்தது.

போல்ட்டை இறுக்கிக் கையைத் துடைத்துக்கொண்டே பாய் சொன்னார்: "வண்டி ஒத்துக்கிச்சு சார். டாக்டர் ஒத்துக்கணுமே."

அப்பா அப்போதே என்னையும் ஏற்றிக்கொண்டு முடிச்சூருக்குப் போனார். அரிசிக் கதை முழுவதையும் டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்க முதல்ல சொன்னதுதான் சார் நம்பற மாதிரி இருக்கு" என்றார்.

டாக்டரின் கார் பாயின் பட்டறைக்குத் திரும்பிப் போகவில்லை. கரீம் பாய் அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாங்கள்தான் காரை இரும்புலியூருக்குக் கொண்டுபோனோம். பானெட்டைத் திறக்குமுன் ஒவ்வொரு முறையும், "இங்க வந்து நின்னு பாத்துக்குங்க சார்" என்பார். சொல்லில் கோபம் இருக்காது. அப்பாவும் வேலை முடியும்வரை வெயிலில் நிற்பார்.

அந்த ஷெட் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. கார் எந்த ஊரில் ஓடுகிறதோ தெரியாது, பாயும் இல்லை. சாவியை மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே சாப்பிடப் போகிற வழக்கமும் எங்கோ போய்விட்டது. நான் வண்டி விடுகிற சர்வீஸ் சென்டரில் கண்ணாடிச் சுவரைப் பார்த்து நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். நம் வண்டியை என்ன செய்கிறார்கள் என்று உட்கார்ந்து கண்காணிக்கலாமாம். நான் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன்.