கறியோடு வந்த முனை

கிளெமென்ட் தராசில் போடுமுன் ஒவ்வொரு கறித்துண்டின் மீதும் கட்டைவிரலை ஓட்டுகிறார். மர்பி டவுனில் அவர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பல்செட் வைத்தவர்கள். எலும்புச் சில்லு தட்டுப்பட்டால் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை. "இருபத்தாறு வருஷத்துல என் கறி தொண்டைல குத்திச்சின்னு ஒருத்தரும் வந்ததில்ல சார்" என்பார். கேட்காமலே சொல்வார். என் காதாலேயே நாலு முறை கேட்டாயிற்று.

மதியம் கடையை மூடியதும் வேறு வேலை. ஆட்டின் கால் எலும்பைப் பிளந்து, மணற்கல்லில் எச்சில் தொட்டுத் தேய்த்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஈட்டிமுனை செய்கிறார். ஆதிகால வேட்டைக்காரர்களை ஆராயும் ஷில்பா என்ற பெண் கேட்டதற்காக. மான் கொம்பிலும் செய்தார்களாம். இன்று அதைத் தொட்டால் ஜெயில் என்பதால் இவருக்கு ஆட்டெலும்பு. ஷில்பா முனையைக் கம்பில் கட்டி, அறுத்துத் தொங்கவிட்ட ஆட்டின் மேல் எறிந்து பார்க்கிறார். நுனி கொஞ்சம் போனால் மறுபடி தீட்டுவார்கள். கட்ட முடியாத அளவு குட்டையானால் வீசிவிடுவார்கள். அந்தக் காலத்திலும் அப்படித்தானாம். நல்ல கம்பு கிடைப்பது பெரும்பாடு என்பதால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒடிந்த அடிக்கட்டையை அவிழ்த்து எறிந்துவிட்டுப் புது முனை கட்டுவார்களாம். ஒடிந்த நுனி இரையின் சதைக்குள் தங்கிவிடும்.

தினம் நாலு ஆடு வெட்டுகிறவர், இதை முதலில் பார்த்தபோது ஆடிப்போனாராம். "செத்தத எதுக்கும்மா திரும்ப கொல்ற?" என்று கேட்டிருக்கிறார். ஈட்டி எறிந்து முடித்த ஆட்டைப் புதைத்துவிடச் சொன்னபோது இன்னும் அதிர்ந்தார். புதைக்கும் பொறுப்பு அவருடையது.

போன மாதம் மாதா கோயில் திருநாள் விருந்து. நானும் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த கிளெமென்ட், காலையில் ஷில்பா ஈட்டி எறிந்த ஆட்டைப் புதைக்க மனம் வரவில்லை என்று காதோடு சொன்னார். அது விடிகாலையில் அவரே அறுத்த ஆடு. ஒடிந்த இரண்டு நுனிகளையும் விரலால் தேடி எடுத்துவிட்டு, கறியைப் பிரியாணி அண்டாவுக்குத் தந்துவிட்டாராம். அப்போதுதான் அவர் போன் அடித்தது. புதருக்கடியில் மூன்றாவது கம்பு கிடைத்தது, அதிலும் நுனி இல்லை, ஆட்டை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டார் ஷில்பா. கிளெமென்ட் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். நான் இரண்டாவது தட்டில் இருந்தேன். வாயில் இருந்ததை விழுங்கவும் பயம், துப்பவும் கூச்சம்.

பிரியாணியில் எலும்பு கிடப்பது அதிசயமா? ஆட்டெலும்புகளுக்கு நடுவே ஓர் ஆட்டெலும்பு. தேய்த்தவருக்குத்தான் அடையாளம் தெரியும். வரிசை வரிசையாகக் குனிந்து, மற்றவர்கள் ஒதுக்கிய எலும்புகளைக் கிளறினார். மென்று தின்னும் வழக்கமே இல்லாத தியோடர் வாத்தியாரின் முகவாயை நிமிர்த்தி, எச்சில் விழுங்கிக் காட்டச் சொன்னார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவர் வாயையும் திறக்கச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கிளெமென்டின் மனைவி ஜூலியா தன் தட்டோடு எழுந்து வந்து, அவரைக் கைகழுவும் குழாய்ப் பக்கம் இழுத்துப் போனார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அந்த நுனி. புருஷன் கைதவறி விட்ட சில்லு என்று நினைத்திருக்கிறார்.

"யாருக்கும் தெரிய வேணாம்னு முடிஞ்சி வெச்சேன். போவட்டும், வயசாவுதில்ல" என்றார். ஈறு கிழிந்து, உதட்டோரம் ரத்தம் கசிந்திருந்தது.

கிளெமென்ட் ஷில்பாவைப் போனில் கூப்பிட்டு, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஆதிகால வேட்டைக்காரர்களின் அடுப்புகள் பக்கத்திலும் இப்படிக் கறியோடு வந்த நுனிகள் கிடைக்கும் என்று ஷில்பா படபடவென்று சொன்னது எனக்கே கேட்டது.

"அங்கிள், ப்ளீஸ், அத கழுவாதீங்க."

யார் வாயில் குத்தியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்தப் பெண். கிளெமென்ட் போனையே பார்த்தார், அணைத்தார். ஜூலியாவை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மீதியிருந்த ஒவ்வொரு துண்டின் மீதும் கட்டைவிரலை ஓட்டி ஓட்டி, ஒன்றொன்றாக அவர் பக்கம் தள்ளினார்.