லேத்துக்காரர் கை

கறம்பக்குடிப் பக்கத்தில், வளைகுடாவில் ஒருவன் என்ன வேலை பார்த்தான் என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. லீவில் வரும்போது சென்ட் வாசனை அடித்தால் போதும், மீதியை ஊரே நிரப்பிக்கொள்ளும். நான் ‘லேத்து ஒர்க்‌ஷாப்பில் இருக்கேன்’ என்று சொல்லி வைத்திருந்தேன். பொய் இல்லை. பதினெட்டு வருடமும் ஒர்க்‌ஷாப்பில்தான் இருந்தேன், ஸ்டோர் ரூம் ஜன்னலுக்குப் பின்னால், ஏ.சி.யில்.

லேத்தில் நின்று இரும்பைக் கடைகிறவர்கள், அதை வெட்டும் கார்பைடு முனை கேட்டு என் ஜன்னலுக்கு வருவார்கள். நகம் அளவுக்குச் சதுரமாக இருக்கும். நாலு மூலையாலும் வெட்டலாம். ஒன்று மழுங்கினால் திருகைக் கழற்றி, அடுத்த மூலையைத் திருப்பி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நாலும் தேய்ந்த பழையதைக் காட்டாமல் நான் யாருக்கும் புதியது கொடுத்ததில்லை. “இன்னும் மூணு மூலை இருக்குல்ல, திருப்பிப் போடுப்பா” என்று நான் விரட்டாத ஆளே அங்கே கிடையாது. என் தொழில்ஞானம் மொத்தமும் அந்த ஒரு வாக்கியம்தான்.

என் மனைவி இங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியை. “எங்க வீட்டுக்காரரு லேத்துல வேலை பாக்குறாக” என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். நான் சொன்ன ஒர்க்‌ஷாப் எங்கே காணாமல் போனது என்று நான் விசாரிக்கவில்லை. தானாக வரும் மரியாதையைத் திருத்துவதற்கு நான் என்ன பைத்தியமா?

ஊரோடு வந்து சேர்ந்த பிறகு டி.வி. பார்ப்பதில் நல்ல அனுபவம் பெற்றுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவளுக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. பூஜை விடுமுறை முடிந்ததும் பொறுப்பேற்க வேண்டும்.

“இம்புட்டு வருசம் லேத்துல நின்னுருக்கீங்க. எனக்கு ஒரு பேனா கடைஞ்சு தாங்களேன். சார்ஜ் எடுக்குறப்ப அதுலதான் மொதக் கையெழுத்துப் போடணும்” என்றாள்.

முடியாது என்றால் பதினெட்டு வருடப் பொய் சந்திக்கு வந்துவிடும். மேசை மேல் வைக்கிற சின்ன லேத்து ஒன்று, கார்பைடு முனை மாட்டிய உளி ஒன்று, நீலமும் வெள்ளையும் கலந்த அக்ரிலிக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கட்டை நாலு, உள்ளே போடப் பித்தளைக் குழாய், ரீஃபில், எல்லாவற்றையும் ஆன்லைனில் வரவழைத்தேன். கட்டைக்கு நடுவில் துளை போட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, லேத்தில் கோத்துச் சுற்றவிட்டு உளியால் கடைய வேண்டும். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் காபி குடித்துக்கொண்டே கடைந்தார். நானும் பக்கத்தில் காபி வைத்துக்கொண்டேன்.

உளியை நான் கொண்டுபோய் முட்டிய வேகத்தில் முதல் கட்டை பாதியில் வெடித்து, ஒரு துண்டு நேராகக் காபிக்குள் விழுந்தது. “கட்டை மட்டம்” என்றேன். இரண்டாவது பிளந்தபோது வோல்டேஜ் சரியில்லை. மூன்றாவதில் இன்னும் பலமாக அழுத்தினேன். உளி கரகரவென்று கத்தியது, கட்டை சூடாகி இளகி நாறியது, கடைசியில் அதுவும் போனது. புதுக்கோட்டை வெயிலுக்கு அக்ரிலிக் தாங்காது என்று அறிவித்தேன். தூள் தலைமுடியிலும் கைலியிலும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. அவள் கூட்டிப் பெருக்கினாள்.

மிச்சம் ஒரே கட்டை. ஆயுத பூஜை அன்று காலையில் அவள் அரிவாள்மனை, மண்வெட்டி, கத்தரிக்கோல் எல்லாவற்றோடும் என் உளியையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து சாமி முன்னால் அடுக்கிவிட்டாள்.

“நாளைக்கு மறுபூசை முடிஞ்சுதான் எடுக்கணும். அது வரைக்கும் தொடாதீங்க” என்றாள்.

வெளியில் அலுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. உளிக்கு ஓய்வோ இல்லையோ, எனக்கு ஓய்வு. இருந்தாலும் அன்று முழுக்கப் பயமாகவே இருந்தது. இந்தக் கட்டையும் போனால் அவளிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் விஜயதசமி. தேங்காய் உடைத்ததும் உளியை எடுத்துக் கட்டையில் வைத்தேன். சத்தமே இல்லை. அக்ரிலிக் இடியாப்பம் பிழிந்த மாதிரி நீளநீளமாக இறங்கியது. மதியத்துக்குள் பேனா தயார். மெருகு போட்டு, ரீஃபில் மாட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு, பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

“லேத்துன்னா பொறுமை வேணும். முனை கையோட பேசணும்” என்று சொல்லி, உளி முனையில் பேசுகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினேன். ரத்தம் பொலபொலவென்று கொட்டியது.

அவள் மஞ்சள்தூளும் துணியும் கொண்டுவந்தாள். “வெட்டத்தான் செய்யும். கழுவுறப்ப பாத்தேன், ஒரு மூலை மொக்கையாக் கெடந்துச்சு. சாமி முன்னாடி அப்புடி வைக்கலாமா? திருகைக் கழட்டி, நல்ல மூலையைத் திருப்பி மாட்டுனேன்.”

முதல் முட்டலிலேயே மழுங்கிய மூலையைத் திருப்பாமல் மூன்று கட்டைகளையும் நாசம் செய்திருக்கிறேன். இருக்கிற ஒரே வாக்கியத்தையும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. அந்த ஒர்க்‌ஷாப் ஆட்கள் கேள்விப்பட்டால் மிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடுவார்கள்.

“நான் லேத்துல நின்னதே இல்ல” என்றேன். “ஸ்டோர்லதான் இருந்தேன்.”

துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “மொத லீவுல வந்தப்பவே தெரியும். லேத்துல நிக்கிறவுக கை இப்புடியா பஞ்சு மாதிரி இருக்கும்? ஒரு தழும்பு இல்ல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருடம் என் மானத்தை இவள் தனியாகத் தூக்கிச் சுமந்திருக்கிறாளே என்பதுதான் உறைத்தது.

“தெரிஞ்சுக்கிட்டே எதுக்குப் பேனா கேட்ட?”

“நானும் எத்தனை நாளைக்குத்தான் பொய் சொல்றது?”

பள்ளிக்கூடம் திறந்த அன்று பைக்கில் கொண்டுபோய் விட்டேன். பொறுப்பை ஒப்படைத்தவர், அவள் கையெழுத்துப் போட்ட பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

“எங்க வீட்டுக்காரரு லேத்துல கடைஞ்சது” என்றாள்.

ஊரெல்லாம் எத்தனையோ தடவை சொன்ன அதே குரல்தான். ஆனால் இந்தத் தடவை சொல்லும்போது வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கட்டுப் போட்ட விரலை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.